சைகோன் பெட்டியின் வலது கதவு

வாங்க தம்பி, செருப்பை அங்கனேயே விட்டுட்டு வாங்க. பெட்டியைப் பார்க்கத்தானே வந்திருக்கீக? தெரியும். இந்த ஊருக்குக் கார் போட்டுக்கிட்டு வர்றவுக எல்லாம் சாமி கும்பிடவா வர்றாக? ஒருத்தர் தூணைத் தட்டிப் பார்க்கிறாரு, ஒருத்தர் நிலைக்கதவை மோந்து பார்க்கிறாரு. முன்னே ஒருத்தர் எங்க மாமனார் படத்தையே விலைக்குக் கேட்டாரு, சட்டம் பர்மாத் தேக்காம். சட்டத்தை எடுத்துக்கிட்டுப் படத்தை என்ன செய்வீகன்னேன். அதை நீங்களே வச்சுக்கங்க ஆச்சின்னாரு. என்ன தாராளம் பாருங்க.

விலைப் பேச்சு மட்டும் எடுக்காதீங்க. எடுத்தா காப்பி வராது. பாருங்க, தொடுங்க, போன்ல படம் எடுத்துக்கங்க. ஆனா நான் சொல்றதைக் கேட்டுட்டு, தப்பு யார் மேலேன்னு நீங்கதான் சொல்லணும். வெளியாள்தான் சரியாச் சொல்லுவாக. உள்ளூர்ல எல்லாரும் சொல்லியாச்சு, அது எனக்குப் பிடிக்கல.

என் ஓப்படியா உமையாள், அதாவது எங்க செட்டியாரோட தம்பி பொஞ்சாதி, இப்ப என்கூடப் பேச்சு வார்த்தை இல்லை. சண்டைன்னு நினைச்சுடாதீங்க. சண்டை இருந்தாத்தான் பேச்சு இருக்குமே! அவ மக கல்யாணம் முடிஞ்சதிலே இருந்து அவ எனக்கு ஒரு வார்த்தை சொல்லலை. திட்டக்கூட இல்லை. அதுக்குக் காரணம் இந்தப் பெட்டிதான்.

கிட்ட வந்து பாருங்க. மூடியைத் தூக்கினா கண்ணாடி படுத்துக் கிடக்கும். பின்னால முட்டுக் கொடுத்தா நிமிர்ந்து நின்னுக்கும். அதுக்குக் கீழே ரெண்டு கதவு, கதவுக்குள்ளே குட்டிக் குட்டியா இழுப்பறை. சீப்பு, சாந்து, கொண்டை ஊசி எல்லாம் வச்சுக்க. சீனப் பொம்பளைங்க சிங்காரிச்சுக்கிற பெட்டி. எங்க மாமனார் சைகோன்ல இருந்து கப்பல்ல கொண்டாந்தாக. நம்ம நூக்கு மாதிரி ஒரு கருத்த மரம், தூக்கினா இடுப்பு கழண்டுடும்.

என்ன சிரிக்கிறீக? இடது கதவு செவசெவன்னு தங்கமும் குங்குமமுமா இருக்கு, வலது கதவு வடைச்சட்டி மாதிரிக் கருத்துக் கிடக்குன்னா? இருங்க, அதுக்குத்தான் வர்றேன்.

எங்க மாமனார் எதை வாங்கினாலும் ரெண்டா வாங்குவாக. ரெண்டு மகன் இல்லையா? நாளைக்குப் பங்கு பிரிக்கிறப்ப மனத்தாங்கல் வந்துடக் கூடாதாம். பெல்ஜியம் கண்ணாடி ரெண்டு, ஊஞ்சல் ரெண்டு, எனாமல் கேரியர்கூட சோடி சோடியா. இந்தப் பெட்டி மட்டும் ஒத்தை. ஏன்னா இது எங்க மாமியாருக்குன்னு வாங்கினது. தனக்குப் பொண்டாட்டி ஒண்ணுதானேன்னு பெட்டியும் ஒண்ணாப் போயிட்டாக. அங்கதான் மனுஷன் கோட்டை விட்டது.

மாமியார் போனதும் பங்கு பிரிச்சோம். வயிரவன் செட்டியார்னு எங்க பங்காளிகள்ல மூத்தவர், அவர்தான் நடுவே உட்கார்ந்து பிரிச்சுக் கொடுத்தாரு. பங்கு பிரிக்கிறதுல அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு வீட்டுல நாலு பேருக்கு மூணு ஊஞ்சல் இருந்துச்சு, அதையும் சரிசமமாப் பிரிச்சுக் கொடுத்தவர். எப்படிங்கிறீகளா? நாலாமவருக்குச் சங்கிலி எல்லாம்.

எல்லாம் நல்லபடியாப் போச்சு. கடைசியில இந்தப் பெட்டி வந்து நடு வளவுல, அதான் உள் முற்றத்துல, உட்கார்ந்துச்சு. மூத்த மருமக நான், எனக்குத்தான் வரணும்னேன். நியாயந்தானே? உமையாள் சொல்றா, கடைசிவரைக்கும் மாமியாருக்குத் தலை சீவி விட்டவ நான், எனக்குத்தான்கிறா. தலை சீவினதுக்குப் பெட்டின்னா, வாய்க்கு இட்லி ஊட்டினதுக்கு வீட்டையே கேப்பே போலன்னேன். சும்மா பேச்சுக்குச் சொன்னது. அதுக்குப் போயி அவ அழுதா. அழுறதுல அவ கெட்டிக்காரி.

சீட்டுப் போட்டுப் பார்த்துடுவோம்னாரு வயிரவன் செட்டியார். சரின்னேன், எனக்கு விழுந்தா ஒத்துக்கிறேன்னேன். இவ்வளவு இறங்கிவந்து எவ பேசுவா, சொல்லுங்க? அவ என்ன சொன்னா தெரியுமா? "அறுத்துக்கங்க ஆச்சி, ரம்பத்தைக் கொண்டாந்து ஆளுக்குப் பாதியா அறுத்துக்கங்க"ன்னா. வாய்க்கொழுப்புல சொன்னது. வயிரவன் செட்டியாருக்கோ பசி. இலை போட்டு நேரமாச்சு, உள்ளே குழம்பு வாசனை வேற. அவர் அதையே பிடிச்சுக்கிட்டாரு. ஆசாரியைக் கூப்பிடுன்னுட்டாரு.

ஆசாரி வந்து பெட்டியைத் தலைகீழாக் கவுத்துப் பார்த்தாரு. ஆச்சி, இதுல ஆணியே இல்லை, எந்த இடத்துல கழட்டச் சொல்றீகன்னாரு. அப்புறம் கீல்ல இருந்த பித்தளைக் குச்சியை உருவினாரு பாருங்க, மூடி தனியா வந்துடுச்சு, கதவு ரெண்டும் தனியா வந்துடுச்சு. கண்ணாடியோட மூடி எனக்கு. இழுப்பறையோட அடிப்பெட்டி அவளுக்கு. கதவு ஆளுக்கு ஒண்ணு, இடது எனக்கு, வலது அவளுக்கு. பூட்டு எனக்கு, சாவி அவளுக்கு.

அப்படிப் பார்க்காதீங்க தம்பி. பங்குன்னா பங்கு. ஒரு குந்துமணி கூடக் குறையக் கிடையாது. வயிரவன் செட்டியாரே, இது மாதிரி சுத்தமான பங்கு நான் பிரிச்சதில்லைன்னு சொல்லிக்கிட்டே சாப்பிடப் போனாரு.

இந்தக் கதவுல செதுக்கி இருக்கிறதைப் பாருங்க. நடுவுல பித்தளைத் தகடு இருக்கில்ல, நிலா மாதிரி வட்டமா? ரெண்டு கதவையும் சேர்த்தாத்தான் வட்டம். பிரிச்சா ஆளுக்குப் பாதி நிலா. ரெண்டு பக்கமும் ரெண்டு யாளி, வாயைப் பிளந்துக்கிட்டு அந்த நிலாவைப் பிடிக்கப் பார்க்குதுக. என்னது, யாளி இல்லையா? சீனா நாகமா, டிராகன்ங்கிறதா? கால் இருக்கே! மீசை இருக்கே! எந்தப் பாம்புக்குத் தம்பி மீசை இருக்கு? யாளிதான். எங்க மாமியார் வெள்ளி செவ்வாய் தவறாம அதுக்குச் சந்தனம் குங்குமம் வச்சுக் கும்பிட்டாக. சீனாவுல நாகமா இருக்கட்டும், கப்பல் ஏறி இங்க வந்தப்புறம் யாளி.

நான் என் பங்கு யாளிக்கு அந்த முறையை விடாமச் செஞ்சேன். அதுக்கும் மேலே, பெயிண்டரைக் கூப்பிட்டு யாளிக்கும் மூடிக்கும் தங்க வர்ணம் பூசினேன். கண்ணுக்கு மூக்குத்திக் கல்லு மாதிரிச் சிவப்புக் கல்லு பதிச்சேன். பாருங்க, எம்புட்டு உசிரோட இருக்கு! உமையாளுக்குப் பொறாமை தாங்கல. தன் கதவுக்கு இலுப்பெண்ணெயைத் தேய்ச்சா, வேப்பெண்ணெயைத் தேய்ச்சா, அடுப்படியில இருக்கிற எண்ணெய் பூராவும் தேய்ச்சா. மரத்துக்கு நல்லதாம். மரத்துக்கு எது நல்லதுன்னு இவளுக்கு எங்கிட்டுத் தெரியும்? அது எண்ணெய் குடிச்சுக் குடிச்சு, எலி விழுந்த சட்டியில இருந்து எடுத்த மாதிரி ஆயிப்போச்சு.

அப்புறம் எங்க ரெண்டு பேர் வீட்டுச் செட்டியாரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தாக. வளவுக்கு இந்தப் பக்கம் என் அடுப்பு, அந்தப் பக்கம் அவ அடுப்பு. என்கிட்டக் கண்ணாடி இருக்கு, ஊசி வைக்க இழுப்பறை இல்லை. அவகிட்ட இழுப்பறை இருக்கு, முகம் பார்க்கக் கண்ணாடி இல்லை. காலையில தலை முடிஞ்சுக்கிட்டு அவ என் அறை வாசல் வழியாத்தான் பூசைக்குப் போவா. வேற வழி இருக்கு, ஆனா இதுலதான் போவா. போற போக்குல என் கண்ணாடியில ஒரு பார்வை. நான் கண்ணாடியைச் சுவர்ப் பக்கமாத் திருப்பி வைப்பேன். வேணும்னு இல்லை தம்பி, வெயில் பட்டா ரசம் போயிடும்ல? வெயில் அந்நேரத்துக்குத்தான் வரும்.

உடனே வளவுல நின்னு ஆரம்பிப்பா. "ஆச்சி, உங்க கண்ணாடியைப் பார்த்தா என் மூஞ்சி தேஞ்சு போயிடாது, உங்க கண்ணாடிதான் இன்னைக்காவது ஒரு நல்ல மூஞ்சியைப் பார்க்கட்டும்"பா. நான் சும்மா இருப்பேனா? "அந்த எண்ணெய் வழியிற மூஞ்சியைப் பார்த்தா கண்ணாடி வழுக்கிக் கீழே விழுந்துடும்டி"பேன். இப்படி ஆரம்பிச்சா, சோறு வடிக்கிற வரைக்கும் போகும். நடுவுல அவ, "ஆச்சி, உங்க உலை பொங்குது, போய்ப் பார்த்துட்டு வந்து திட்டுங்க"ம்பா. போய்ப் பார்த்துட்டு வந்து திட்டுவேன். அப்படி ஒரு ராட்சசி.

அவ இல்லாத அன்னைக்கு, திருப்புறதுக்கே மறந்துபோகும். கண்ணாடி பாட்டுக்கு இருக்கும்.

காப்பி ஆறுது, குடிங்க. என்ன, மூடியில என்ன பார்க்கிறீக அவ்வளவு நேரமா? அதெல்லாம் பட்டாம்பூச்சி. நடுவுல மாங்காய், சுத்திப் பட்டாம்பூச்சி. என்னது? வௌவாலா? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க தம்பி! அடக் கருமமே, ஆமா, காது இருக்கு. சீனாக்காரனுக்கு வௌவால்தான் அதிர்ஷ்டமா? மாங்காயும் இல்லையா, பீச் பழமா, அதைத் தின்னா ஆயுசு கெட்டியா? என் ஆயுசு கெட்டியாத்தான் இருக்கு, அதை யார் கேட்டா. இத்தனை வருசமா வௌவாலுக்குப் பொட்டு வச்சிருக்கேன்! நல்லவேளை உமையாளுக்கு இது தெரியாது. தெரிஞ்சிருந்தா, வீட்டுல வௌவாலைக் குடிவச்சவ நீங்கதான்னு ஊர் எல்லை வரைக்கும் கேக்குற மாதிரிக் கத்தியிருப்பா.

கல்யாணத்துக்கு வர்றேன். உமையாளுக்கு ஒரே மக, மீனாள். கெட்டிக்காரப் பொண்ணு, சென்னையில பேங்குல இருக்கா. கண்டனூர்ல மாப்பிள்ளை பேசி முடிச்சாக. எங்கள்ல கல்யாணத்துக்குச் சாமான் பரப்புறதுன்னு ஒண்ணு உண்டு, தெரியுமா? பொண்ணுக்குக் கொடுக்கிற சாமான் எல்லாத்தையும் கூடத்துல வரிசையாப் பரப்பி வைக்கணும். வெள்ளியிலே இருந்து விளக்குமாறு வரைக்கும். வந்த பொம்பளைங்க எல்லாம் சுத்திச் சுத்தி வந்து பார்ப்பாக. பார்க்கிறதுன்னா சும்மா இல்லை, அடியைத் திருப்பிப் பார்ப்பாக. மாப்பிள்ளை வீட்டுல யாரோ சொல்லியிருக்காக, உங்க வீட்டுல சைகோன் பெட்டி ஒண்ணு உண்டாமே, அதைப் பரப்புவீகள்லன்னு. உமையாளும் வாய் சும்மா இருக்காம, ஆமா, பரப்புவோம்னுட்டா. அடிப்பெட்டியை மட்டும் பரப்பினா எறும்பு ஏறாம மிட்டாய் வைக்கிற டப்பான்னுல்ல நினைப்பாக?

மீனாள் என்கிட்ட வந்தா. "பெரியாத்தா, உங்க மூடியும் கதவும் ஒரு நாளைக்குக் கொடுங்க"ன்னா. எனக்கு மகன்தான், மக இல்லை. மருமக டெக்சாஸ்ல இருக்கா. இந்தக் கண்ணாடியைப் படம் பிடிச்சு அனுப்பி, உனக்குத்தான் வச்சிருக்கேன்னேன். பதிலுக்குக் கட்டை விரல் ஒண்ணு அனுப்பினா. அதனால மீனாளுக்குக் கொடுக்க எனக்கு ஆசைதான். ஒரு நாளைக்கு என்ன, ஒரேயடியாக் கூடக் கொடுத்திருப்பேன். ஆனா ஒரு முறை இருக்கில்ல? "மூடி மேலே ஒரு அட்டையில பெரியாத்தா பங்குன்னு எழுதி வைக்கணும்"னேன். சரின்னா. "யாளியில என் யாளி இருக்கிற பக்கம்தான் வாசலைப் பார்க்கணும்"னேன். சரின்னா. "உங்காத்தா என்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்கணும்"னேன். "அதுக்கு ஆத்தா ஒத்துக்கிட மாட்டாக, பெரியாத்தா. அட்டையை வேணா இன்னும் கொஞ்சம் பெரிசா வைக்கிறேன்"னா.

நான் விட்டுக் கொடுத்தேன். எழுதி வச்சுக்கங்க, நான்தான் விட்டுக் கொடுத்தேன்.

கல்யாணத்தன்னைக்குக் காலையில என் மூடியையும் கதவையும் பட்டுத்துணி போர்த்தி, ரெண்டு பேரைத் தூக்கச் சொல்லி, நானே முன்னால நடந்து கூடத்துக்கு வந்தேன். இந்த அறையில இருந்து அந்தக் கூடத்துக்குத்தான். ஆனா தெருவைச் சுத்தி வந்தேன். நாலு பேர் பார்க்கணும்ல? மேளக்காரரை வரச் சொன்னேன், அவர் இட்லிக்கு உட்கார்ந்துட்டாரு.

ஆசாரி வந்து எல்லாத்தையும் சேர்த்து மாட்டினாரு. மூடி உட்காரலை. அவ எண்ணெயாத் தேய்ச்சதுல அடிப்பெட்டி உப்பிப்போச்சு. அவ சொல்றா, நான் பெயிண்டாப் பூசினதுல மூடி தடிச்சுப்போச்சாம். ஒரு பக்கம் தங்க யாளி, ஒரு பக்கம் கரி யாளி. நடுவுல நிலா ரெண்டு பாதியும் ஒட்டலை, ஒரு விரல் இடைவெளி. மாப்பிள்ளையோட அயித்தை ஒருத்தி, மூக்குக் கண்ணாடியைத் தூக்கி வச்சுக்கிட்டுப் பார்த்துட்டு, "ரெண்டு உடைஞ்ச பெட்டியைச் சேர்த்து ஒண்ணாச் செஞ்சீகளோ?"ன்னா. கூடம் பூரா சிரிப்பு.

எனக்கு எப்படி இருக்கும்? "எங்கது உடையலை, அந்தக் கரிக்கதவுதான் சேரலை"ன்னு சொன்னேன். மெதுவாத்தான் சொன்னேன். உமையாள் அங்கிட்டிருந்து, "அந்தக் கரகாட்டக் கதவைக் கழட்டுங்க, எல்லாம் சேரும்"னா. நான் ஒண்ணு சொன்னேன், அவ ஒண்ணு சொன்னா. பூட்டு என்கிட்ட, சாவி அவகிட்ட. பூட்டுங்கடின்னு யாரோ சொன்னாக. சாவியைத் தந்தாத்தான் பூட்டைத் தருவேன்னேன், பூட்டைத் தந்தாத்தான் சாவியைத் தருவேன்னா. மாப்பிள்ளை வீட்டுக்காரவுக நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து பார்த்தாக. எங்க ரெண்டு பேருக்கும் அது தினப்படி நடக்கிறது, தம்பி. நாங்க அதைப் பெரிசாவே நினைக்கலை. நல்லாவே இருந்துச்சுன்னு வைங்களேன். அன்னைக்கு உமையாள் ரொம்ப நல்லாப் பேசினா.

திரும்பிப் பார்த்தா மீனாள் மாலையும் கழுத்துமா நிக்கிறா. அந்தப் பெரிய அட்டையை எடுத்து, ரெண்டா மடிச்சு, மூடி ஆடாம இருக்க அடியில செருகிட்டுப் போயிட்டா.

மறுநாள் சாமான் எல்லாம் லாரியில ஏறிச்சு. வெள்ளி ஏறிச்சு, விளக்குமாறு ஏறிச்சு. இது மட்டும் நடு வளவுல நின்னுச்சு. "எனக்கு வேண்டாம் பெரியாத்தா. முழுசா நீங்களே வச்சுக்கங்க. ஆத்தாவும் சரின்னுட்டாக"ன்னா மீனாள். நான் உமையாளைப் பார்த்தேன். அவ முந்தானை முடிச்சை அவிழ்த்து, சாவியை எடுத்து, இந்தா இந்த மூடி மேலே வச்சா. வீசக்கூட இல்லை, வச்சா. அதோட சரி. மகளோட போயி இருக்கப் போறேன்னு தன் பக்கத்து அறையெல்லாம் பூட்டிட்டு மாம்பலம் போயிட்டா. போறப்ப என் வாசல் வழியாப் போகலை. அந்தப் பக்கத்து வழியாப் போனா.

எம்புட்டு அகங்காரம் பார்த்தீகளா? கேட்டதைக் கொடுத்துட்டுப் போறதுன்னா? போராடிப் பார்க்க வேண்டாமா ஒரு மனுஷி? சாகிற வரைக்கும் விடமாட்டேன்னு இருந்தவ, முழுப் பெட்டியையும் என் தலையில கட்டிட்டுப் போயிட்டா. செயிச்சது நான்தான். எல்லாரும் அப்படித்தான் சொல்றாக. இப்ப இழுப்பறையும் எனக்கு, சாவியும் எனக்கு. காலையில கண்ணாடி முன்னால உட்கார்ந்து முடிஞ்சுக்கிறேன். பின்னால வாசல் தெரியுது. அதுல ஒருத்தரும் போறதில்லை. பெயிண்டரைக் கூப்பிட்டு அவ கதவையும் தேய்ச்சுச் சுத்தமாக்கி, தங்கம் பூசிடலாம்னு இருந்தேன். அவர் வந்தாரு. காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பிட்டேன்.

போன் போட்டா மீனாள்தான் எடுக்கிறா. ஆத்தா தூங்குறாக, ஆத்தா கோயிலுக்குப் போயிருக்காக. பகல் பூராத் தூங்குறதுக்கு அவ என்ன என்னை மாதிரி வயசானவளா?

அது கிடக்கட்டும். நீங்க சென்னைக்குத்தானே திரும்புறீக? மாம்பலம் உங்களுக்குத் தெரியும்ல? இப்படி வாங்க, இந்த வலது கதவை ஒரு கை பிடிங்க. குச்சியை மேலே உருவினா வந்துடும். பார்த்து, யாளி மீசை உடைஞ்சுடப் போகுது. அது அவ பங்கு. அவ வேண்டாம்னு சொன்னா ஆச்சா? வயிரவன் செட்டியார் பிரிச்சது பிரிச்சதுதான். அடிப்பெட்டி கனம், கார்ல ஏத்த முடியாது, அதை அடுத்த தடவை பார்த்துக்கலாம்.

ஆசையாக் கொடுத்து விட்டேன்னு சொல்லிடாதீங்க. வாங்காம அனுப்பிடுவா. நான் சொல்றதை அப்படியே சொல்லுங்க. "அந்த ஆச்சிக்கு இந்தக் கதவு கண்ணுல பட்டாலே குமட்டுதாம், பூச்சி அரிச்ச கதவாம், எண்ணெய்ப் பிசுக்கு வாடையில வீட்டுல குடியிருக்க முடியலையாம், எடுத்துக்கிட்டுப் போன்னு தூக்கி எறிஞ்சாக"ன்னு சொல்லுங்க. பூச்சிங்கிறதை மறந்துடாதீங்க, அதுலதான் அவளுக்கு ஏறும்.

ஆரம்பிச்சுடுவா. வாசல்ல நிக்க வச்சே ஆரம்பிப்பா. உங்களைத் திட்டுறான்னு நினைச்சு ஓடி வந்துடாதீங்க தம்பி. தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சுட்டு, நல்லா உட்கார்ந்து, முழுசாக் கேட்டுக்கங்க. அப்புறம் எனக்குப் போன் போட்டு, அவ சொன்னதை ஒரு வார்த்தை விடாமச் சொல்லணும். கெட்ட வார்த்தைன்னு கூச்சப்பட்டு முழுங்கிடக் கூடாது. மத்தியானத்துக்கு முன்னாடியே போடுங்க. அடுப்புல உலை வச்சுட்டுப் போன் பக்கத்துலேயே இருப்பேன்.